சிவப்பு நூல் கட்டிய பை

ஜூன் 4

சம்பந்தியம்மாவுக்கு அன்பான வணக்கம்.

சுகம் விசாரிப்பதற்கு முன்னால் நல்ல செய்திகளைச் சொல்லிவிடுகிறேன். அடக்கி வைத்தால் எனக்குச் சாப்பாடு இறங்காது. பெரிய பேரனுக்குப் பாலம் கட்டும் கம்பெனியில் வேலை கிடைத்துவிட்டது. அவன் காகிதத்தில் போடுகிற கோட்டின் மேல்தான் தூணே நிற்குமாம். இரண்டாவது பேத்தி நர்ஸ் பரீட்சையில் வகுப்பிலேயே முதல். கடைக்குட்டிப் பேரன் கணக்கில் வழக்கம்போலக் கோட்டை விட்டான், ஆனால் நீளம் தாண்டுவதில் கோப்பை வாங்கி வந்தான். அந்தக் கோப்பையில் என் மருமகள் கரண்டிகளைப் போட்டு வைத்திருக்கிறாள். நம் இருவருக்கும் பொதுவான வாண்டு, பஸ்ஸில் போகும்போது கடைப் பலகைகளையெல்லாம் சத்தம் போட்டுப் படிக்கிறாளாமே! அஞ்சாம் வகுப்போடு நின்றவளின் வம்சம் இது. கொஞ்சம் பெருமைப்பட்டுக்கொள்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது? என் மகள் உங்களுக்கு ஒத்தாசையாக இருக்கிறாளா?

போனில் பேசினால் எனக்குப் பாதி கேட்காது, கேட்ட பாதியும் மறுநாள் இருக்காது. அதனால் கடிதம். காய்கறி வண்டியிலேயே உங்கள் பைக்குள் வைத்து அனுப்புகிறேன். காலிப் பெட்டிகள் திரும்பும்போது பதிலை வைத்துவிடுங்கள்.

உங்கள் கட்டடத்து வீடுகள் இந்த வாரம் முதல் என் காயை வாங்கப் போகின்றன. அது உங்கள் வாய்ச் சாமர்த்தியம். இதில் எனக்கு என்ன இருக்கிறது என்று உங்களுக்குத் தெரிய வேண்டும். லாரிக் கம்பெனிக்காரர் நிலத்தைக் குத்தகைக்குக் கேட்கிறார், சமன் செய்து லாரி நிறுத்துவதற்கு. என் மகன் சொல்லிவிட்டான்: “அம்மா, கத்திரிக்காய் பறிப்பு முடியற வரைக்கும் பாக்கலாம். அந்த வீடுங்க நின்னா தோட்டம். நிக்கலைன்னா லாரி.” அவ்வளவுதான் எனக்குத் தவணை.

ஒன்றே ஒன்று. முதல் நாளே எல்லோரிடமும் சொல்லிவிடுங்கள். காய் பறிக்கும் காலத்தில் நான் மருந்து அடிக்க மாட்டேன். கத்திரிக்காயில் ஓட்டை இருக்கும். கோஸின் மேல் இலை சல்லடையாக இருக்கும். ஓட்டையைக் கழித்துவிட்டு அனுப்பினால் பாதித் தோட்டம் மாட்டுக்குத்தான். தோட்டத்தில் என்ன வருகிறதோ அது பங்கு பிரித்து வரும், நல்லதும் கெட்டதுமாக. சம்மதம் என்றால் வாங்கட்டும்.

மற்ற பைகளில் வீட்டு எண் எழுதியிருக்கிறது. சிவப்பு நூல் கட்டியது உங்களுடையது. மாற்றிவிடாதீர்கள்.

இப்படிக்கு,
உங்கள் சம்பந்தி

ஜூன் 13

அன்புள்ள சம்பந்தியம்மாவுக்கு,

பேரப்பிள்ளைகளின் செய்தி படித்து மனம் நிறைந்தது. கோப்பையில் கரண்டி என்பதைப் படித்து உங்கள் மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். இங்கே எல்லோரும் நலம். என் முழங்கால் மட்டும் தனிக்குடித்தனம் கேட்கிறது. டாக்டரைப் பார்க்க வேண்டும்.

பைகள் என் வாசலுக்கு வந்து சேர்ந்தன. தரைத் தளத்தில் குடியிருப்பதில் இந்த ஒரு வசதி. மாடி வீட்டுக்காரர்கள் வேலையிலிருந்து திரும்பும்போது வந்து எடுத்துக்கொண்டு போகிறார்கள். சொல்ல வேண்டியதைச் சொல்ல வேண்டிய விதத்தில் சொல்லிவிட்டேன். டிக்கெட் கவுண்டரில் உட்கார்ந்து ஊரையே சமாளித்தவள் நான், இந்தப் பதினான்கு வீட்டைச் சமாளிக்க மாட்டேனா? ஒருவர்கூட ஒரு சொல் குறை சொல்லவில்லை. மூன்றாம் மாடி டீச்சர் அடுத்த வாரம் இன்னும் கொஞ்சம் கூடுதலாகக் கிடைக்குமா என்று கேட்டாள்.

சிவப்பு நூல் பை கிடைத்தது. உங்கள் கை பட்டது என்று பார்த்ததும் தெரிந்தது.

நீங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். வெயிலில் நிற்காதீர்கள் என்று உங்கள் மகள் சொல்லச் சொன்னாள். அது நடக்காது என்பதும் எங்களுக்குத் தெரியும்.

உங்கள்,
சம்பந்தி

ஜூலை 9

அன்புள்ள சம்பந்தியம்மாவுக்கு,

நலம். உங்கள் நலமறிய ஆவல். டாக்டர் என்ன சொன்னார்? எண்ணெய் தேய்த்துச் சமாளிக்கலாம் என்று தள்ளிப்போடாதீர்கள்.

இந்த வாரம் இங்கே ஒரு வேடிக்கை. மண்டிக்காரர் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். வரப்பில் நின்றபடியே கேட்கிறார்:

“என்னம்மா, இந்தத் தடவை சரக்கு நம்ம பக்கம் எட்டியே பாக்கலையே? கோவமா?”

“கோவம் என்ன கோவம்? நீங்க ஓட்டையக் காட்டி பாதியக் கழிப்பீங்க. எனக்கு இப்ப ஓட்டையப் பாத்தும் வாங்கற வீடுங்க இருக்கு.”

அவர் சிரித்த சிரிப்பில் பக்கத்துத் தோட்டத்துக் கொக்கு பறந்துவிட்டது. “டவுன்காரங்களா? ஒரு புழுவப் பாத்தா கட்டடத்தையே காலி பண்ணிட்டு ஓடுவாங்கம்மா!”

“பாத்துட்டாங்க. ஓடலை.”

“அப்படியா? அப்ப அடுத்த தடவை என் வாசல்ல வந்து நிக்காதீங்க.”

“உங்க வாசல்லயா கத்திரிக்காய் காய்க்குது, நான் வந்து நிக்கறதுக்கு?”

மூஞ்சி சுருங்கிப் போய்விட்டார். என் மகன் பம்பு செட்டுக்குப் பின்னால் தலையில் கை வைத்துக்கொண்டு நின்றான். “ஒரேயடியா அறுத்து விட்டுட்டியேம்மா” என்றான். நான் சொன்னேன்: “டேய், அங்க இருக்கறவங்க விவரம் தெரிஞ்சவங்க. நம்ம வீட்டுப் பொண்ணோட மாமியார், என் சம்பந்தி எடுத்துச் சொல்லியிருக்காங்க. மருந்தில்லாத காய்னா ஓட்டை இருக்கும்னு புரிஞ்சுக்கிட்டாங்க.” பக்கத்துத் தோட்டக்காரர்களிடமும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு இதையேதான் சொல்லி வருகிறேன். அவர்கள் வாயைப் பிளக்கிறார்கள்.

உங்கள் பைக் காய் எப்படி? வாண்டு சாப்பிடுகிறாளா?

உங்கள் சம்பந்தி

ஆகஸ்ட் 2

அன்புள்ள சம்பந்தியம்மாவுக்கு,

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. மன்னிக்கவும். உடம்புக்கு ஒன்றுமில்லை. எழுத உட்கார்ந்தால் வேறு ஏதாவது வேலை வந்துவிடுகிறது.

மண்டிக்காரரை அப்படி ஒரேயடியாக அனுப்பியிருக்க வேண்டாமோ? ஒரு பக்கம் அவரும் இருந்திருக்கலாம். நீங்கள் அனுபவசாலி. நான் சொல்ல என்ன இருக்கிறது?

முழங்காலுக்கு ஆபரேஷன் என்று முடிவாகிவிட்டது. அடுத்த வாரம் ஆஸ்பத்திரியில் சேருகிறேன். வீட்டுக்கு வந்தாலும் சில நாள் எழுந்திருக்கக் கூடாதாம். வண்டி வரும் நேரத்தில் உங்கள் மகளும் வேலையில் இருப்பாள். ஆகவே பைகள் என் வாசலுக்கு வராது. நேராகப் படிக்கட்டில் இறங்கும், அவரவர் எடுத்துக்கொள்வார்கள்.

ஒரு சின்ன யோசனை. அந்த நாட்களுக்கு மட்டும் கொஞ்சம் நல்ல காயாகப் பார்த்து எல்லோருக்கும் அனுப்பினால் தேவலை. பெரிதாக ஒன்றுமில்லை. தோன்றியது, எழுதினேன்.

வாண்டு நன்றாகச் சாப்பிடுகிறாள்.

உங்கள்,
சம்பந்தி

ஆகஸ்ட் 20

அன்புள்ள சம்பந்தியம்மாவுக்கு,

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று மகள் போனில் சொன்னாள். கேட்ட பிறகுதான் மூச்சு வந்தது. காலை அசைக்காதீர்கள். டிக்கெட் கவுண்டர் மாதிரி உட்கார்ந்த இடத்திலிருந்தே எல்லோரையும் விரட்டுங்கள்.

நோயாளிக்கு எழுதக் கூடாத விஷயம் இது. ஆனாலும் உங்களைவிட்டால் யாரைக் கேட்பேன்? நேற்று வண்டிக்காரர் ஐந்து பைகளைத் திருப்பிக் கொண்டுவந்துவிட்டார். முகத்தைப் பார்க்கவே சங்கடப்பட்டார்.

“என்னய்யா, வீட்ல ஆள் இல்லையா?”

“ஆள் இல்லாமலா? படிக்கட்டு முழுக்க ஆளுதான். பைய அங்கேயே கொட்டினாங்கம்மா. மாடியில குடியிருக்கற வக்கீல் சார் ஒரு கத்திரிக்காயத் தூக்கிப் பிடிச்சு, ‘இது காயா, புல்லாங்குழலா?’ன்னு கேக்கறார். எல்லாரும் சிரிக்கறாங்க.”

“டீச்சர்?”

“அவங்க சிரிக்கலை. அதுதான் மோசம். ‘போன மாசம் வரைக்கும் ஒரு ஓட்டை கிடையாது. நாங்க நம்பினதும் வேலையக் காட்டறாங்க’ன்னாங்க.”

சம்பந்தியம்மா, போன மாதம் வரை ஒரு ஓட்டை கிடையாதா? அதே செடி, அதே கை, அதே புழு. நான் எதையும் மாற்றவில்லை. பிறகு மாறியது யார்? எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. திரும்பி வந்த பைகளை என் மகன் பார்த்தான். லாரிக்காரருடைய நம்பரை எடுத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான்.

நீங்கள் அவர்களிடம் என்னதான் சொன்னீர்கள்?

உங்கள் சம்பந்தி

ஆகஸ்ட் 28

அன்புள்ள சம்பந்தியம்மாவுக்கு,

படுத்தபடியே எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருக்கும். வீட்டுக்கு வந்துவிட்டேன். வலி குறைகிறது. உங்கள் மகள் என்னைக் குழந்தை மாதிரிப் பார்த்துக்கொள்கிறாள்.

நீங்கள் எழுதியதைப் படித்தேன். மனதைப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள். டவுனில் மனிதர்கள் இப்படித்தான், ஒரு நாள் ஒரு பேச்சு. நான் எழுந்து நடமாட ஆரம்பித்தால் எல்லாம் பழையபடி சரியாகிவிடும். அதுவரை கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். கடிதத்தை வாண்டுவிடம் கொடுத்துப் பெட்டியில் போடச் சொல்கிறேன்.

உங்கள்,
சம்பந்தி

பாட்டி நான் வாண்டு எழுதறேன். நான் நல்லா இருக்கேன் நீங்க நல்லா இருக்கீங்களா. டீச்சர் வீட்டுக்கு எல்லாம் நல்ல காய் அனுப்பினீங்க நம்ம வீட்டுக்கு மட்டும் ஏன் எப்பவும் புழு காய் அனுப்பினீங்க? இந்தப் பாட்டிகிட்ட கேட்டா ஸ்ஸ் னு சொல்றாங்க.

செப்டம்பர் 3

சம்பந்தியம்மாவுக்கு,

கால் ஆறி வரும் என்று நம்புகிறேன்.

சிவப்பு நூல் கட்டிய பையில் நான் என்ன வைத்தேன் என்று எனக்குத் தெரியும். அதில் ஒரு ஓட்டை இருக்காது. ஒவ்வொரு காயையும் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்து வைத்தேன். மகளைக் கொடுத்த வீடு. அந்த வீட்டுக்குப் போவதில் ஒரு சொத்தை இருந்தால் என் மகள் தலைநிமிர்ந்து நடக்க முடியாது என்று நினைத்தேன். அப்படி அனுப்பியும் என் பேத்தி புழுக்காய் தின்றாள் என்றால், உங்கள் வாசலில் பைகள் கைமாறியிருக்கின்றன. மாற்றிய கையும் யாருடையது என்று தெரிகிறது. அதற்கு அஞ்சாம் வகுப்பே போதும்.

உங்கள் பையில் இருந்த நல்லதை மாடிக்கு ஏற்றிவிட்டு, மாடிக்குப் போக வேண்டிய ஓட்டையை உங்கள் சட்டியில் போட்டுக்கொண்டீர்கள். என் மானத்தைக் காப்பாற்றியதாக நினைத்திருப்பீர்கள். யார் கேட்டார்கள்? அந்த வீடுகளுக்கு என் தோட்டத்தையே நீங்கள் காட்டவில்லை. இல்லாத ஒரு தோட்டத்தைக் காட்டினீர்கள். அவர்கள் அதை நம்பி வாங்கினார்கள். நான், அவர்கள் என்னைப் புரிந்துகொண்டார்கள் என்று நம்பி, மண்டிக்காரரை வரப்போடு திருப்பி அனுப்பினேன். ஊரெல்லாம் பீற்றிக்கொண்டேன். இப்போது பக்கத்துத் தோட்டக்காரர்கள் என்னைப் பார்த்தால் புல்லாங்குழல் வாசிப்பதுபோல் விரலை ஆட்டுகிறார்கள்.

எல்லாம் பழையபடி சரியாகிவிடும் என்று எழுதியிருக்கிறீர்கள். பழையபடி ஆகக் கூடாது. உங்கள் கால் குணமானாலும் அந்தப் பைகளை நீங்கள் தொடக் கூடாது.

திட்டுவதற்கு இன்னும் இருக்கிறது. நோயாளி என்பதால் நிறுத்துகிறேன்.

சம்பந்தி

செப்டம்பர் 30

அன்புள்ள சம்பந்தியம்மாவுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு மூன்று வாரம் காலிப் பெட்டியைக் காலியாகவே அனுப்பினேன். வேண்டுமென்றுதான். நோயாளிக்கும் ரோஷம் உண்டு.

இப்போது கோல் ஊன்றி நடக்கிறேன். கோபமும் கொஞ்சம் நடந்து தீர்ந்தது. ஆகவே கேளுங்கள்.

முதல் நாள் நீங்கள் எழுதியபடியே சொல்லத்தான் வாசலில் உட்கார்ந்திருந்தேன். முதலில் இறங்கி வந்தவர் வக்கீல். “என்னம்மா, சம்பந்தி சரக்கா? அங்க விக்காததையெல்லாம் நம்ம தலையில கட்டறாங்களா?” என்றார். எனக்கு எங்கிருந்துதான் வந்ததோ. “ஒரே ஒரு ஓட்டை காட்டுங்க, பாக்கலாம்!” என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகு ஓட்டை இல்லாமல் பார்த்துக்கொள்ள வேண்டியதாயிற்று. அவர் பையைப் பிரிப்பதற்குள் என் பையிலிருந்து மாற்றினேன். அடுத்த வாரம் டீச்சருடையதை. பிறகு எல்லோருடையதையும், முடிந்த மட்டும். என் பை தீர்ந்த பிறகு ஓட்டையை மட்டும் பொறுக்கி எடுத்துவிட்டேன். உங்கள் மகளுக்குத் தெரியும். வாயைத் திறக்காதே என்றேன், திறக்கவில்லை. மாமியார் சொல் கேட்கிற பெண்ணை வளர்த்துக் கொடுத்தது நீங்கள்.

இனி உங்கள் முறை. சிவப்பு நூல் பை இல்லாவிட்டால் இந்த வேலையை நான் செய்திருக்கவே முடியாது. நல்லதும் கெட்டதுமாகப் பங்கு பிரித்து வரும் என்று எழுதியது யார்? காசு கொடுக்கிற வீடுகளுக்கு ஓட்டையும், எனக்குப் பொறுக்கியெடுத்ததுமாக அனுப்பியது யார்? பைகளை நான் தொடக் கூடாது என்கிறீர்கள். நீங்கள் தொடலாமா? நான் மறைத்தது தப்பு என்றால் அந்தத் தப்பின் முதல் முடிச்சைச் சிவப்பு நூலில் போட்டவர் நீங்கள். எழுதிவிட்டேன். என்னையும் நீங்கள் திட்டிக்கொள்ளலாம், ஆனால் பதில் சொல்லிவிட்டுத் திட்டுங்கள்.

பதினான்கில் இப்போது ஒன்பது வீடுதான் பையை எடுக்கிறது. அவையும் முணுமுணுத்துக்கொண்டுதான். மிச்சமும் போவதற்குள் அவர்களுக்கு நேராக நீங்களே எழுதுங்கள். படிக்கட்டில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, எல்லோர் முன்னாலும், நான் செய்ததையும் சேர்த்துப் படிக்கிறேன். கால்தான் மரக்கட்டை. நாக்கு நன்றாக இருக்கிறது.

உங்கள்,
சம்பந்தி

அக்டோபர் 5

படிக்கட்டு வீடுகளில் இருக்கும் எல்லோருக்கும்,

தோட்டக்காரி எழுதுகிறேன். உங்கள் வீட்டுப் பெரியவர்களும் பிள்ளைகளும் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும். பேரப்பிள்ளைகளைப் பற்றிச் சொல்லாமல் நான் எந்தக் கடிதமும் எழுதியதில்லை. இதில் சொல்லவில்லை. வேலை இருக்கிறது.

முதலில் என் பக்கத் தப்பு. என் சம்பந்தி வீட்டுக்கு மட்டும் ஓட்டையில்லாத காயாகப் பொறுக்கி அனுப்பினேன். உறவு என்று செய்தேன். எல்லோருக்கும் ஒரே பங்கு என்று சம்பந்திக்கு எழுதிவிட்டு அப்படிச் செய்தது நியாயமில்லை. இந்த வாரத்திலிருந்து அவர்கள் பையிலும் உங்கள் பையில் இருப்பதுதான் இருக்கும். இதற்கு மேல் மன்னிப்பு என்னிடம் இல்லை, ஓட்டைக்காக நிச்சயமாக இல்லை.

புல்லாங்குழல் என்று சொன்ன வக்கீல் ஐயாவுக்கு: ஊதத் தெரிந்தால் ஊதுங்கள், நாங்கள் கேட்கிறோம். அந்த ஓட்டை போட்ட புழு செடியின் நுனிக்குள் முதலில் நுழையும். நுனி வாடும். தினமும் காலையில் நானும் மருமகளும் வாடின நுனியைத் தேடித் தேடிக் கிள்ளுகிறோம். கண்ணுக்குத் தப்பியது காய்க்குள் போய்விடும். அந்தப் புழு என்னிடம் கூலி வாங்குவதில்லை, நில் என்றால் நிற்க. மருந்து அடித்தால் நிற்கும். அடித்த காயைச் சில நாள் விட்டுத்தான் பறிக்க வேண்டும். கத்திரிக்காய் அப்படிக் காத்திருக்காது, முற்றிவிடும். அதனால் பறிக்கிற காலத்தில் நான் அடிப்பதில்லை. அடிப்பவர்கள் கெட்டவர்கள் என்று சொல்ல வரவில்லை. நான் அடிப்பதில்லை, அவ்வளவுதான்.

புழு தின்றதற்கு நாங்கள் ஏன் காசு கொடுக்க வேண்டும் என்று கேட்பீர்கள். நல்ல கேள்வி. அதையேதான் நானும் கேட்கிறேன். புழு தின்றதை நான் ஒருத்தியே ஏன் சுமக்க வேண்டும்? மண்டியில் அப்படித்தான், முழுவதும் என் தலையில். பாதி நீங்கள், பாதி நான் என்றால் தோட்டம் இருக்கும். இல்லை என்றால் லாரி நிற்கும். லாரியை யாரும் நறுக்கிச் சமைக்க முடியாது.

என் பக்கம் இதுதான். உங்கள் சமையலறையில் என்ன நடக்கிறது என்று எனக்குத் தெரியாது. ஓட்டைக் காய் வந்தால் உங்களுக்கு என்ன கஷ்டம் என்று யாரும் எனக்குச் சொன்னதில்லை. என் சம்பந்தி சொல்ல மாட்டார், அவருக்கு என் மனம் நோகும். நீங்கள் எழுதுங்கள். திட்டியே எழுதுங்கள். கொஞ்சம் பெரிய எழுத்தாக இருந்தால் போதும்.

தோட்டக்காரி

அக்டோபர் 12

தோட்டக்காரம்மாவுக்கு,

மூன்றாம் மாடியிலிருந்து எழுதுகிறேன். நீங்கள் நலமா? நாங்கள் நலம். கேட்டபடி பெரிய எழுத்து. கேட்டபடி திட்டும் இருக்கிறது.

உங்கள் சம்பந்தி நாற்காலியை வழியிலேயே போட்டுவிட்டார். தாண்டிப் போகவும் முடியவில்லை, கேட்காமல் இருக்கவும் முடியவில்லை. தான் பைகளை மாற்றியதை முதலில் சொன்னார். பிறகு உங்கள் கடிதம். புல்லாங்குழல் இடம் வந்ததும் எல்லோரும் வக்கீலைத் திரும்பிப் பார்த்தோம். “எதிர்த்தரப்பு வாதம் பலமாத்தான் இருக்கு” என்றார். பிறகு, “அதெல்லாம் சரி, உறவுக்கு நல்லது, ஊருக்கு ஓட்டையா? கேட்டாத்தானே ஒத்துக்கறாங்க?” என்றார். உங்கள் சம்பந்தி, “கேக்காமலே ஒத்துக்கிட்டு எழுதியிருக்காங்க. காதுல என்ன, கத்திரிக்காயா வச்சிருக்கீங்க?” என்றார். நானும் வக்கீல் சொன்னதையேதான் நினைத்தேன், அதை மறைக்கவில்லை. நீங்கள் மனம் நோக வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

இப்போது என் வீட்டுச் சமையலறை. என் அப்பாவுக்குக் கண் தெரியாது. நான் பள்ளிக்கூடம் போன பிறகு காய் நறுக்குவது அவர்தான். விரலால் தடவித் தடவி, ஒரே அளவாக நறுக்குவார். வீட்டில் தனக்கு ஒரு வேலை இருக்கிறது என்பது அவருக்குப் பெரிய கெத்து. ஓட்டைக் காய் வந்த அன்று காயைப் பிளந்ததும் புழு அவர் விரல் மேல் ஏறியது. என்ன என்று தெரியாமல் இன்னொரு விரலால் தடவிப் பார்த்திருக்கிறார். அப்புறம் கத்தியை வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார். அதிலிருந்து நறுக்க வருவதில்லை. எனக்குக் கோபம் உங்கள் ஓட்டை மேல் இல்லை. சொல்லாமல் வந்த ஓட்டை மேல்.

பாதி சுமக்க எனக்குச் சம்மதம். எது ஓட்டை, எது நல்லது என்று தெரிய வேண்டும், அது என் நிபந்தனை. ஒவ்வொரு வீட்டுக்கும் இரண்டாகப் பிரித்து அனுப்புங்கள். ஓட்டையை விடுமுறை நாளில் நான் நறுக்கிக்கொள்கிறேன். நல்லதை அப்பா பார்த்துக்கொள்வார்.

எல்லோரும் நிற்கவில்லை. போன ஐந்து வீட்டில் ஒன்று திரும்பி வந்திருக்கிறது. நான்கு போனது போனதுதான். வக்கீல் நிற்கிறார். “விட்டுட்டுப் போனா நான் யாரைக் கேள்வி கேக்கறது?” என்கிறார்.

மூன்றாம் மாடி

நவம்பர் 6

அன்புள்ள சம்பந்தியம்மாவுக்கு,

நலம், நலமறிய ஆவல். கோலைத் தூக்கிப் போட்டுவிட்டு நடக்கிறீர்களாமே. மகள் சொன்னாள். போனில் அது மட்டும் முழுதாகக் கேட்டது.

உங்கள் கடிதத்துக்குப் பதில் பாக்கி இருக்கிறது. நீங்கள் சொன்னது சரி. இதை இன்னொரு தடவை எழுத மாட்டேன், பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

டீச்சருடைய கடிதத்தை மருமகளை விட்டு ஒரு தடவை, நானே ஒரு தடவை படித்தேன். ஓட்டையைப் பற்றி இத்தனை பேரிடம் இத்தனை வாய்ச்சண்டை போட்டிருக்கிறேன். அதைத் தொட்டுப் பார்க்கிற ஒரு விரல் இருக்கும் என்று தோன்றவே இல்லை. இப்போது ஒவ்வொரு வீட்டுக்கும் இரண்டு பை. ஓட்டைப் பைக்கு நூல் இல்லை. நல்ல பைக்குச் சிவப்பு நூல். உங்களுக்கு மட்டும் கட்டிய நூலை உங்களையும் சேர்த்துப் பதினோரு வீட்டுக்கும் கட்டிவிட்டேன், உங்களுக்கும் இரண்டு பைதான். மனத்தாங்கல் வேண்டாம். டீச்சர் வீட்டுப் பையில் மட்டும் முடிச்சைப் பெரிதாகப் போடுகிறேன். சிவப்பு என்று டீச்சருடைய அப்பாவுக்குத் தெரியாது, முடிச்சு தெரியும். திரும்பவும் நறுக்குகிறாராம். போன வாரம் வந்த காலிப் பெட்டியில் அந்த நூல் துண்டு, அவிழ்த்து, மறுபடி அழகாக முடிச்சுப் போட்டு, வைத்திருந்தது.

போன நான்கு வீட்டுக்காக ஒரு பாத்தி குறைத்துத்தான் நடுகிறோம். அவர்கள் திரும்பி வந்தால் நாலு வார்த்தை திட்டிவிட்டுச் சேர்த்துக்கொள்வேன். மண்டிக்காரர் வரப்பில் வந்து நின்றார். “வீடுங்க ஓடலையா?” என்றார். “நாலு ஓடுச்சு. பத்து உக்காந்து கேள்வி கேக்குது. அது போக என் சம்பந்தி ஒண்ணு” என்றேன். சிரிக்கவில்லை.

லாரிக்காரரும் வந்தார். நான் வாயைத் திறப்பதற்குள் என் மகன், என் முகத்தைப் பார்க்காமலே, “இந்தத் தடவை இல்லைங்க. நாத்து விட்டாச்சு” என்றான். எனக்கே தெரியாது! அவர் போன பிறகு பின்பக்கம் போய்ப் பார்த்தேன். கிணற்றடியில் கத்திரி நாற்று விரல் நீளம் நிற்கிறது. “எப்படா விட்டே?” என்றால், “நீ அந்தப் புல்லாங்குழல் கடிதாசி எழுதின அன்னைக்கு” என்கிறான். யாரிடமிருந்து வந்தது இந்த அழுத்தம் என்று தெரியவில்லை. அப்பா வழியாக இருக்கும்.

பெரிய பேரன் போட்ட கோட்டில் முதல் தூண் எழும்பிவிட்டதாம். நர்ஸ் பேத்திக்கு முதல் மாதத்திலேயே நல்ல பெயர். கடைக்குட்டி இந்தத் தடவை கணக்கிலும் தேறிவிட்டான், தாண்டித் தாண்டித்தான். எல்லோருடைய படமும் என் சுவரில் வரிசையாக இருக்கிறது. வாண்டு படத்தில்தான் இன்னும் பல்லே முளைக்கவில்லை. இத்தனை பெரிய கேள்வி கேட்டவளுக்கு அந்தப் படம் பொருந்தாது. புதிதாக ஒன்று எடுங்கள். படிக்கட்டில் பை பிரிக்கிற நாளில், நாற்காலியில் நீங்கள், பக்கத்தில் வாண்டு, டீச்சர், கத்தியோடு அவள் அப்பா. வக்கீலும் வேண்டுமானால் ஓரமாக நிற்கட்டும். கையில் ஆளுக்கொரு ஓட்டைக் காய் இருக்க வேண்டும், நன்றாகத் தெரியும்படி. நல்லதாகப் பொறுக்கி வைத்துக்கொண்டு நிற்காதீர்கள், உங்களை எனக்குத் தெரியும்.

கோப்பைக்குப் பக்கத்தில் ஆணி அடித்தாயிற்று. படத்தைப் பெட்டியில் வைத்து அனுப்பாதீர்கள், கீரை ஈரம் பட்டுவிடும். தபாலில் போடுங்கள்.

உங்கள் சம்பந்தி